மெயின் சுவிட்சில் 32, எம்சிபியில் 16: வீட்டு மின்பெட்டி எண்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

புது வீட்டுக்கு ஒயரிங் நடக்கும்போதும், ஏசி வாங்கிய பிறகு அடிக்கடி கரண்ட் போகும்போதும்தான் நம்மில் பலர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கிறோம். உள்ளே 63, 40, 32, 16, 10 என்று எண்கள். எல்லாமே ஆம்பியர்தான். ஆனால் எல்லா எண்ணும் ஒரே சங்கதியைச் சொல்வதில்லை.

சுவிட்சின் மேல் எழுதியிருப்பது அது தாங்கும் அளவு. 32 ஆம்பியர் மெயின் சுவிட்ச் என்றால், அந்த அளவு மின்னோட்டம் நாள் முழுக்க அதன் வழியாகப் போனாலும் கெடாது என்று பொருள். 50 ஆம்பியர் போனால்? அது பாட்டுக்கு விட்டுக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் முனைகள் கருகும் வரை. தானாக அணையாது. ஃபியூஸ், எம்சிபி (சுமை கூடினால் தானாக வெட்டி, கைப்பிடி கீழே விழும் சின்ன சுவிட்ச்) இரண்டின் மேல் எழுதியிருப்பது வேறு: இதைத் தாண்டி நிறைய நேரம் போனால் வெட்டிவிடுவேன் என்கிற வரம்பு.

அந்த வரம்பு யாருக்காக? ஏசிக்காக, ஃபிரிட்ஜுக்காக என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இல்லை. சுவருக்குள் ஓடும் ஒயருக்காக. தாங்க முடியாத மின்னோட்டம் போனால் ஒயர் சூடாகி, மேலுறை இளகி, ஒரு நாள் தீப்பிடிக்கும். அதற்கு முன்னால் வெட்டுவதுதான் ஃபியூஸின் வேலை. ஆகவே கருவியின் மின்னோட்டத்தைவிட எம்சிபியின் எண் பெரிதாக இருக்க வேண்டும். எம்சிபியின் எண்ணைவிட ஒயரின் தாங்குதிறன் பெரிதாக இருக்க வேண்டும். இந்த வரிசை மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கீழே வரும் எல்லாப் படிகளும்.

1. வெளியிலிருந்து உள்ளே படியுங்கள்

தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கமாகக் காணும் அமைப்பைச் சொல்கிறேன். கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் வரும். மீட்டருக்குப் பக்கத்தில் மின்வாரியத்தின் ஃபியூஸ் கட்டை இருக்கும், அப்புறம் மீட்டர். இதுவரை எல்லாம் ஈ.பி.யின் பொறுப்பு. அந்தக் கட்டையில் ஃபியூஸ் போயிருந்தால் நீங்களும் தொட வேண்டாம், உங்கள் எலெக்ட்ரீஷியனும் தொட வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, அதாவது 94987 94987 என்ற எண்ணுக்கு, அழைத்துப் புகார் செய்யுங்கள். அதற்கு மின்னிணைப்பு எண் கேட்பார்கள். அதை ஒரு சீட்டில் எழுதி மீட்டர் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்துவிடுங்கள். ராத்திரியில் பழைய பில்லைத் தேடி அலைய வேண்டாம்.

மீட்டரைத் தாண்டியதும் உங்கள் மெயின் சுவிட்ச். பழைய வீடுகளில் பக்கவாட்டில் கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி, உள்ளே பீங்கான் ஃபியூஸ் கட்டை. புதிய வீடுகளில் இதே வேலையை ஐசோலேட்டரோ எம்சிபியோ செய்யும். அங்கிருந்து ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் வெட்டும் சுவிட்ச்), அப்புறம் டிபி என்று சொல்லும் பகிர்வுப் பெட்டியில் வரிசையாக எம்சிபிகள். ஒவ்வொரு எம்சிபியும் ஒரு சர்க்யூட்டைப் பார்த்துக்கொள்கிறது.

இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐசோலேட்டரும் எம்சிபியும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எம்சிபியின் முகப்பில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும்: சி16, பி10 என்பதுபோல. அதன் கீழே சின்னக் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று அச்சிட்டிருக்கும். ஷார்ட் சர்க்யூட் நேரத்தில் அத்தனை ஆம்பியர் பாய்ந்தாலும் உடையாமல் அது வெட்டும் என்பதற்கான எண் அது. ஐசோலேட்டரில் அந்த எழுத்தும் இருக்காது, கட்டத்துக்குள் எண்ணும் இருக்காது. வெறும் 40 அல்லது 63 மட்டும்தான். அது கையால் போட்டு அணைக்கும் சுவிட்ச், அவ்வளவுதான். அதை நம்பி ‘மெயினில் பாதுகாப்பு இருக்கிறது’ என்று உட்கார்ந்திருக்க முடியாது.

2. வீட்டுச் சுமையைக் கணக்குப் போடுங்கள்

வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். மோட்டார், ஏசி போன்றவற்றுக்கு இதைவிடக் கொஞ்சம் கூட வரும். வீட்டுக் கணக்குக்கு இது போதும்.

இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஃபேன் 375 வாட், எல்இடி விளக்கெல்லாம் சேர்த்து 100, ஃபிரிட்ஜ் 200, டிவி 100, கிரைண்டர் 150, மிக்சி 750, அயர்ன் பாக்ஸ் 1000, வாஷிங் மெஷின் 500, கீசர் 2000, ஒன்றரை டன் ஏசி 1600, ஒரு எச்.பி. தண்ணீர் மோட்டார் 1100. கூட்டினால் 7875 வாட், ஏறக்குறைய 34 ஆம்பியர்.

எல்லாம் ஒரே நேரத்தில் ஓடப்போவதில்லை. ஆகவே மொத்தத்தைப் பார்த்து மெயினை முடிவு செய்யாமல், வீட்டில் சுமை உச்சத்துக்குப் போகும் அரைமணி நேரத்தைப் பிடியுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது காலை ஆறரை மணி: கீசர் ஓடுகிறது, மேல் தொட்டிக்கு மோட்டார் போட்டாயிற்று, அடுப்படியில் சட்னிக்கு மிக்சி, ஃபேன், ஃபிரிட்ஜ். இவை சேர்ந்து 4400 வாட், அதாவது 19 ஆம்பியர். உள்ளறையில் ஏசியை இன்னும் அணைக்கவில்லை என்றால் 26. கேஸ் தீர்ந்த நாளில் இண்டக்‌ஷன் அடுப்பையும் வைத்தால் இன்னொரு 2000 வாட். 35 ஆம்பியரை நெருங்கிவிடுகிறது; மோட்டாரும் ஏசியும் கணக்கைவிடக் கொஞ்சம் கூட இழுப்பதால் அதையும் தாண்டலாம். 32 ஆம்பியர் மெயின் வைத்த வீட்டில் என்றைக்கோ ஒரு நாள் மட்டும் மொத்தக் கரண்டும் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இப்படி எல்லாம் ஒன்று சேர்வதுதான்.

ஒவ்வொரு கருவியின் பின்னாலும் வாட் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். என் எண்களை விட்டுவிட்டு அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

3. ஒயரைப் பார்த்து எம்சிபியைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம். பைப்புக்குள் போகும் செம்பு ஒயர், ஒன்றரை ஸ்கொயர் என்றால் 13, 14 ஆம்பியர் தாங்கும். இரண்டரை ஸ்கொயர் 18, 19. நாலு ஸ்கொயர் 24 முதல் 26. ஆறு ஸ்கொயர் 31 முதல் 33. ஸ்கொயர் என்பது சதுர மில்லிமீட்டர், செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு. ஒரே பைப்பில் நிறைய ஒயர்களைத் திணித்தாலும், மொட்டைமாடித் தளத்துக்குள் வெயிலில் வேகிற பைப்பாக இருந்தாலும் இந்த அளவுகள் குறையும்.

அதனால் விளக்கு, ஃபேன் சர்க்யூட்டுக்கு ஒன்றரை ஸ்கொயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபியும். கீசர், அடுப்படி பவர் பிளக் ஆகியவற்றுக்கு இரண்டரை ஸ்கொயரும் 16-உம். ஏசிக்கு நாலு ஸ்கொயரில் தனி ஒயர் இழுத்து 16 அல்லது 20 போடுவது நல்லது. ஒன்றரை டன்னுக்கு இரண்டரையே போதும் என்பார்கள், கணக்குப்படி அது தப்பில்லை. ஆனால் சுவரை ஒரு தரம்தான் உடைக்கிறோம். ஒயரில் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். மெயினிலிருந்து டிபிக்கு வரும் ஒயர் ஆறு ஸ்கொயர் என்றால் மெயின் எம்சிபி 32-ஐத் தாண்டக் கூடாது. வெயிலும் தூரமும் கூடுதல் என்றால் 10 ஸ்கொயர் போட்டுவிடலாம்.

பழைய எலெக்ட்ரீஷியன்கள் இன்னும் ‘மூணு இருபது’, ‘ஏழு இருபது’ என்று கேஜ் கணக்கில்தான் பேசுவார்கள். இருபதாம் கேஜ் கம்பி மூன்று இழை, ஏழு இழை என்று அர்த்தம். கணக்குப் போட்டால் மூணு இருபது ஏறக்குறைய 2 சதுர மில்லிமீட்டர்தான் வரும், இரண்டரை இல்லை. ஏழு இருபது 4.6 வரும். பழைய வீட்டில் மூணு இருபது ஒயர் ஓடுகிறது என்றால், அதை இரண்டரையாக நினைத்து 20 ஆம்பியர் போட்டுவிடாதீர்கள்.

இனி அடிக்கடி நடக்கும் தப்பு. எம்சிபி விழுந்துகொண்டே இருக்கிறது. வருகிறவர் 16-ஐக் கழற்றி 32-ஐ மாட்டிவிட்டுப் போகிறார். அதன் பிறகு விழுவதே இல்லை, வீட்டுக்காரருக்கும் நிம்மதி. ஆனால் சுவருக்குள் இருப்பது அதே இரண்டரை ஸ்கொயர். முன்பு 16-இல் எச்சரித்த ஆள் இப்போது 32 வரை வாயைத் திறப்பதில்லை. நடுவில் 19-இலிருந்து ஒயர் வெந்துகொண்டிருக்கிறது. எம்சிபியின் எண்ணைக் கூட்ட வேண்டுமென்றால் முதலில் ஒயரை மாற்ற வேண்டும். வேறு வழியே கிடையாது.

பிளக்குக்கும் இதே கணக்குதான். சின்ன சாக்கெட் 6 ஆம்பியர், அதாவது 1380 வாட் வரை. அயர்ன் பாக்ஸ் சரி, இண்டக்‌ஷன் அடுப்பு கூடாது. ‘கன்வர்ட்டர்’ வைத்துப் பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருகுவது பல வீடுகளில் நடக்கிறது. சாக்கெட்டின் முகம் பழுப்பேறியிருந்தால் அதுதான் காரணம்.

4. 16 என்றால் சரியாக 16-இல் விழுமா?

விழாது. வீட்டு எம்சிபிகளுக்கான தரநிலைப்படி, எழுதிய எண்ணைப்போல 1.13 மடங்கு வரை அது விழவே கூடாது; 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். ஆக 16 ஆம்பியர் எம்சிபி 18 ஆம்பியரைச் சலிக்காமல் விடும், 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் வெட்டும். இடைப்பட்ட அளவுகளில் எப்போது விழும் என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்தக் கணக்கு 30 டிகிரி வெப்பத்துக்கானது. சித்திரை வெயிலில், மேற்குச் சுவரில் மாட்டிய இரும்பு டிபிக்குள் அதைவிடக் கடுமையான சூடு இருக்கும். அப்போது சற்று முன்னாலேயே விழும். கோடையில் மட்டும் தொல்லை என்றால் எம்சிபி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் பெட்டி இருக்கும் இடத்தையும் பாருங்கள்.

இது மெதுவாகக் கூடும் சுமைக்கான வேலை. ஷார்ட் ஆனால் ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாது. அதற்காக உள்ளே காந்தச் சுருள் ஒன்று இருக்கிறது, கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டும். அது எப்போது பாய வேண்டும் என்பதைத்தான் அந்த எழுத்து சொல்கிறது. பி என்றால் எண்ணின் 3 முதல் 5 மடங்கில், சி என்றால் 5 முதல் 10 மடங்கில். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஒரு எச்.பி. மோட்டாருக்கு 35, 40 ஆம்பியர் வரை போகலாம். பி10 எம்சிபி 30 முதல் 50-க்குள் பாய்ந்துவிடும் என்பதால் சுவிட்சைப் போட்டதுமே விழ வாய்ப்பிருக்கிறது. சி16-க்கு 80-க்கு மேல்தான், நிம்மதியாக ஓடும். மோட்டார், ஏசி, ஃபிரிட்ஜ் உள்ள சர்க்யூட்டுக்கு சி. கீசர், விளக்குக்கு பி. கடைகளில் சி-தான் சுலபமாகக் கிடைக்கும், வீடு முழுக்க அதையே போட்டாலும் பெரிய குற்றமில்லை.

5. பீங்கான் கட்டை வீடாக இருந்தால்

ஃபியூஸ் போனதும் ஏதாவது ஒயரைச் சீவி, நாலைந்து செம்பு இழைகளை முறுக்கிக் கட்டும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அப்படிக் கட்டியது எத்தனை ஆம்பியரில் உருகும் என்று கட்டியவருக்கும் தெரியாது. கடையில் ஃபியூஸ் கம்பி என்று கேட்டால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி தருவார்கள், ஆம்பியரைச் சொல்லி வாங்குங்கள். 5 ஆம்பியருக்கு 0.20 மில்லிமீட்டர் தடிமன், 10-க்கு 0.35, 15-க்கு 0.50. இரட்டை இழை போட வேண்டாம், ஒற்றை இழைதான்.

மாற்றும்போது மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டையை உருவுங்கள். பழைய கம்பியின் துண்டுகளை முழுக்க எடுத்துவிட்டு, புதுக் கம்பியை இழுத்துக் கட்டாமல் லேசான தொய்வோடு திருகுங்கள். இறுக்கினால் கம்பி மெலிந்து முன்னதாகவே போய்விடும். கட்டையின் உட்புறம் கருகியிருந்தால் ஃபியூஸ் போன காரணம் சின்னதல்ல. கம்பியை மாற்றும் முன் எங்கே ஷார்ட் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தக் கம்பி ஃபியூஸ் எழுதிய ஆம்பியரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கில்தான் உருகும். எம்சிபியின் 1.45-ஐ இதோடு வைத்துப் பார்த்தால், ஒயருக்கு எது நல்லது என்று தெரியும். பழைய கட்டைகளை எம்சிபியாக மாற்றச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் ஒரே காரணம் இதுதான். வசதி எல்லாம் அப்புறம்.

இன்னொன்று. மிகப் பழைய மெயின்களில் ஃபேஸ் (மின்னோட்டம் வரும் ஒயர்), நியூட்ரல் (அது திரும்பிப் போகும் ஒயர்) இரண்டிலும் ஃபியூஸ் இருக்கும். நியூட்ரல் ஃபியூஸை எடுத்துவிட்டுத் தடித்த செம்பு இணைப்பாக மாற்றச் சொல்லுங்கள். நியூட்ரலில் ஃபியூஸ் போனால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் ஃபேஸ் வீடு முழுக்க உயிரோடு இருக்கும். ஏதாவது ஒரு சுவிட்ச் போட்டிருந்தால் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும், புதியவர்களுக்கு ஒன்றும் புரியாது. மூன்று ஃபேஸ் வீட்டில் இது இன்னும் மோசம்: நியூட்ரல் அறுந்தால் சில கருவிகளுக்கு 230 வோல்ட் போய் 400-ஐ நெருங்கும் அளவு வரலாம். ஒரே நாளில் வீட்டில் டிவி, ஃபிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ் எல்லாம் எரிந்தது என்று கேள்விப்பட்டால் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

6. மெயின் எத்தனை ஆம்பியர்?

இப்போது இரண்டாவது படியின் கணக்குக்குத் திரும்புங்கள். ஐசோலேட்டர்தான் மெயின் என்றால் 63 போட்டாலும் கெடுதல் இல்லை, அது எதையும் காப்பதில்லை, தாங்கினால் சரி. மெயின் எம்சிபி என்றால் அப்படி இல்லை. ஆறு ஸ்கொயர் ஒயருக்கு முன்னால் 63 எம்சிபி வைப்பது காவலாளியைத் தூங்க வைப்பதுதான். ‘பெரிசா போடுங்க சார், பின்னாடி உதவும்’ என்று கடையில் சொன்னால், ஒயர் எத்தனை ஸ்கொயர் என்று திருப்பிக் கேளுங்கள்.

மின்வாரியத்தில் பதிவான சுமையையும் பாருங்கள். நாலு கிலோவாட்டுக்கு மேல் போனால் மூன்று ஃபேஸ் என்பது இங்கே நெடுநாள் வழக்கம். நாம் மேலே கணக்குப் போட்ட வீடு அதை எளிதாகத் தாண்டுகிறது. ஏசியும் கீசரும் வாங்கும் முன் பிரிவு அலுவலகத்தில் விசாரித்து சுமையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று ஃபேஸில் 32 ஆம்பியர் என்றால் ஒவ்வொரு ஃபேஸுக்கும் 32. பங்கிடுவது உங்கள் எலெக்ட்ரீஷியன் கையில் இருக்கிறது: கீசர் ஒன்றில், ஏசி ஒன்றில், மோட்டாரும் அடுப்படியும் இன்னொன்றில். எல்லாவற்றையும் ஒன்றிலேயே கட்டிவிட்டு மற்ற இரண்டையும் சும்மா வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அப்புறம் அந்த ஃபேஸ் மாற்றும் சுவிட்ச். மழைக்காலத்தில் இரண்டு ஃபேஸ் போய்விட்டால் வீடு மொத்தத்தையும் மிச்சமிருக்கும் ஒன்றில் தள்ளிவிடுவோம். தள்ளலாம், ஆனால் அந்த நேரத்தில் மூன்று பேர் சுமையை ஒரு ஃபேஸ் சுமக்கிறது. முதலில் கீசர், ஏசி, மோட்டாரை அணைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஈ.பி. ஃபியூஸ் போகும், அதற்கு ஆள் வரும்வரை இருட்டுதான்.

7. எம்சிபி உங்களைக் காப்பாற்றாது

16 ஆம்பியர் எம்சிபி என்பது 16,000 மில்லி ஆம்பியர். மனித உடலுக்கு அதில் மிகச் சிறு பங்கே ஆபத்து. ஷாக் அடித்தால் எம்சிபி விழும் என்று நம்புவது வீண். அதற்குத்தான் ஆர்சிசிபி: ஃபேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்க்கிறது, 30 மில்லி ஆம்பியர் வழியில் காணாமல் போனால் வெட்டிவிடுகிறது. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்தான் வாங்க வேண்டும், 100, 300 இதற்கு உதவாது.

அதன் மேல் 40 என்று இன்னோர் எண் இருக்கும். அது சுவிட்சுக்குச் சொன்ன மாதிரித் தாங்கும் அளவு. கூடுதல் சுமையை அது வெட்டாது. ஆகவே 32 எம்சிபிக்குப் பின்னால் 40 ஆர்சிசிபி சரி, 25 சரியில்லை. சோதனைப் பட்டனை மாதம் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை அணைத்தாலும் விளக்கு, ஃபேன் சர்க்யூட்டில் 230 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வேலைக்கு வருகிறவருக்கு அது தெரியாமல் போகலாம். இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

8. விழுந்தால் என்ன செய்வது

சின்ன எம்சிபி விழுந்தால் கைப்பிடியை முழுக்கக் கீழே தள்ளி, பிறகு மேலே தூக்குங்கள். சில எம்சிபிகளில் கைப்பிடி பாதியில் நிற்கும், நேராகத் தூக்கினால் நிற்காது. அந்த சர்க்யூட்டில் இருக்கும் பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டுத் தூக்கினீர்கள், நின்றது என்றால் கோளாறு ஏதோ ஒரு கருவியில்தான். ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் அகப்படும். எல்லாவற்றையும் உருவிய பிறகும் தூக்கியதுமே விழுந்தால் ஒயரிலோ சுவிட்ச் போர்டிலோ ஷார்ட். திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காமல் உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். கால்மணி, அரைமணி கழித்து விழுகிறது என்றால் கூடுதல் சுமை.

எம்சிபி விழாமல் ஆர்சிசிபி மட்டும் விழுந்தால் கசிவு. மழை பெய்தால் மட்டும் விழுகிறதா, வாசல் விளக்கு, மாடி மோட்டார் பக்கம் பாருங்கள். காலையில் மட்டும் விழுகிறதா, கீசரின் ஹீட்டிங் காயிலைச் சந்தேகப்படுங்கள். சுமை குறைவாக இருந்தும் ஒரே எம்சிபி அடிக்கடி விழுந்து, அதன் பக்கத்தில் லேசாகக் கருகல் வாடை வந்தால், திருகு தளர்ந்து முனை சூடாகிறது. மெயினை அணைத்து, திருகை இறுக்கி, கருகிய ஒயர் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டச் சொல்லுங்கள். எம்சிபியின் உடல் நிறம் மாறியிருந்தால் அதையும் அதே எண்ணில் மாற்றிவிட வேண்டியதுதான்.